மாமாவின் அறையில் ஒரு கேமரா

முதலில் ஒரு சின்ன விஷயம், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் ஸ்டேஷனில் இந்த அறைக் கேமராவைத் தப்பான மூலையில் மாட்டியிருக்கிறீர்கள். ஜன்னல் என் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. வெயில் ஏற ஏற என் முகம் வெறும் கறுப்பாகத்தான் பதியும். பிறகு போட்டுப் பார்த்தால் பேசுகிறவன் நான்தானா என்பதே தெரியாது. எதிர்ச் சுவருக்கு மாற்றினால் போதும், அரை மணி நேர வேலை. பதினான்கு வருடமாக எனக்கு இதே தொழில். கடை, குடோன், பள்ளிக்கூடம், மாடி வீடு என்று நான் ஏணி சாத்தாத சுவர் இல்லை. கோணலாக மாட்டிய கேமராவைப் பார்த்தால் கை பரபரக்கும்.

என் மனைவி உங்களிடம் எல்லாம் சொல்லியிருப்பாள். ஆனால் அவள் சுருக்கமாகப் பேசுகிறவள். விட்டுப்போனது நிறைய இருக்கும். நான் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். வருகிறவர்கள் முகத்தில் ஃபிரேமை வைத்துப் பார்த்து, மூக்கில் அழுந்துகிறதா, காதுக்குப் பின்னால் உறுத்துகிறதா என்று கேட்டுக் கேட்டு, வளைத்து நிமிர்த்திக் கொடுப்பாள். கை நிதானம். கல்யாணமாகி ஒன்பது வருடம். குழந்தை இல்லை. பார்க்கிறவர்கள் உச்சுக் கொட்டுவார்கள், நானும் தலையைக் குனிந்துகொள்வேன். உண்மையில் எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் என்பது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

ஒன்றரை வருடத்துக்கு முன் மாமா வந்து சேர்ந்தார். அவளுடைய அப்பா. முப்பது வருடத்துக்கு மேல் பஸ் கண்டக்டராக ஓடியவர். அத்தை போன பிறகு நாலு வருடம் தனியாகவே சமாளித்தார். பிறகு பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. வாய் கோணிப் பேச்சு குழறியது. ஒரே மகள், வேறு போக்கிடம் இல்லை. கூட்டிக்கொண்டு வரலாம் என்று சொன்னதே நான்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆறு மாதம்தான் இருப்பார் என்று டாக்டர் பேசிய மாதிரி எனக்குப் பட்டது.

அவரைக் குளிப்பாட்டியது நான். முகம் மழித்தது நான். காலையில் ஏழு மாத்திரையையும் எண்ணிக் கொடுத்தது நான். பெற்ற மகன் இருந்திருந்தாலும் இப்படிப் பார்த்திருக்க மாட்டான் என்று கீழ்வீட்டுத் தையல்காரம்மா ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அதில் பொய் இல்லை. எந்த வேலையையும் நான் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை.

மாமாவுக்குப் பேச்சு வராதபோது விசில் இருந்தது. அவருடைய பழைய கண்டக்டர் விசில், கயிற்றில் கட்டிக் கழுத்திலேயே கிடக்கும். பஸ்ஸில் உள்ள கணக்குத்தான் வீட்டிலும். ஒரு விசில் என்றால் நிறுத்து, அதாவது யாராவது இங்கே வாருங்கள். இரண்டு விசில் என்றால் ரைட், ஒன்றுமில்லை, உன் வேலையைப் பார். இந்த ஏற்பாட்டை அப்பாவும் மகளும் முதல் வாரத்திலேயே செய்துகொண்டார்கள். என்னிடம் யாரும் சொல்லவில்லை, கேட்டுக் கேட்டு நானே தெரிந்துகொண்டேன்.

சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் அவள் செருப்பைக் கழற்றிய கையோடு நேரே மாமா அறைக்குத்தான் போவாள். "உள்ள தள்ளிக் குந்துங்க, பின்னால எவ்ளோ எடம் இருக்கு" என்று அவரைக் கட்டிலில் நகர்த்தி உட்காருவாள். அவர் அந்தக் குழறல் பேச்சிலேயே, "சில்லறையா குடு, காலங்காத்தால நூறை நீட்டாத" என்பார். இரண்டு பேரும் சிரிப்பார்கள். தினமும் அதே வசனம், தினமும் அதே சிரிப்பு. நான் உள்ளே போனால் மாமா உடனே நிமிர்ந்து, "வாங்க மாப்பிள்ளை, சாப்பிட்டீங்களா" என்பார். என்னிடம் ஒருநாளும் அவர் சில்லறை கேட்டு விளையாடியதில்லை. மரியாதைதான். மரியாதையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

எனக்குப் பொறாமை. அதற்கு வேறு பெயர் வைத்து உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். படுத்த படுக்கையாகக் கிடக்கும் கிழவர் மேல், அதுவும் பெற்ற அப்பா மேல் என்ன பொறாமை என்று கேட்பீர்கள். அவர் வயதும் படுக்கையும் எனக்கும் தெரியும். வயிற்றெரிச்சலுக்கு அதெல்லாம் தெரிவதில்லை.

ஒருநாள் பகலில் மாமா நாற்காலியிலிருந்து சரிந்து, தையல்காரம்மா வந்து தூக்கிவிட்டார். அன்றைக்கு சாயங்காலம் அவள் நேரே என்னிடம் வந்தாள். "ஊருக்கெல்லாம் மாட்டுறீங்க, நம்ம வீட்டுக்கு ஒண்ணு மாட்ட மாட்டீங்களா? அப்பாவக் கண்ணால பாத்துக்கிட்டே இருந்தா எனக்கு நிம்மதியா இருக்கும்" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மாட்டினேன். அது நல்ல நாள். அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். கட்டில், நாற்காலி, குளியலறைக் கதவு மூன்றும் ஒரே பார்வையில் விழ வேண்டும், ஜன்னல் வெளிச்சம் எதிரே அடிக்கக் கூடாது. இரண்டு மணி நேரம் இடம் மாற்றி மாற்றிப் பார்த்தேன். அவள் சலித்துக்கொள்ளவில்லை. கேமராவில் பேச்சு கேட்கும், இங்கிருந்தும் பேசலாம். முகப்பில் பொட்டு மாதிரி ஒரு விளக்கு. சும்மா இருந்தால் பச்சை. யாராவது திறந்து பார்த்தால் நீலம். வெளியே இணைப்பு அறுந்துபோனால் சிவப்பு. மாமாவுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது அவள்தான். "நீலம் எரிஞ்சா நான் பாக்குறேன்னு அர்த்தம்ப்பா" என்றாள்.

பிறகு வீட்டு நெட்வொர்க்கில் சேர்க்கும் வேலை. வீட்டிலுள்ள ஒவ்வொரு சாதனத்துக்கும், தெருவில் வீடுகளுக்குக் கதவு எண் இருப்பதைப் போல, ஒரு எண் உண்டு. ரவுட்டர் தானாகவே கொடுத்துக்கொண்டு போகும். கேமராவுக்கு மட்டும் அப்படி விடக் கூடாது, எண் மாறினால் தேட வேண்டியிருக்கும். நிலையான எண் ஒன்றை நாமே கேமராவில் போட்டு, இந்த எண்ணை வேறு யாருக்கும் கொடுக்காதே என்று ரவுட்டரிடமும் சொல்லி வைக்க வேண்டும். இரண்டாவதை நான் மறந்துவிட்டேன். தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் செய்கிற தப்பு. அன்றைக்கு அவள் பக்கத்தில் நின்று கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள், நான் அந்தச் சந்தோஷத்தில் இருந்தேன்.

கடவுச்சொல் போட்டு, அவள் கைப்பேசியில் செயலியை இறக்கி, அவளுக்குப் பார்க்கும் உரிமை கொடுத்தேன். மற்ற உரிமையெல்லாம் என் பெயரில். எங்கிருந்தாலும் நேரே வீட்டு ரவுட்டருக்குள் நுழைவதற்கு எனக்கென்று ஒரு வழியும் வைத்துக்கொண்டேன். இதில் கள்ளம் ஒன்றுமில்லை. வேலை தெரிந்தவன் எவனும் வைத்துக்கொள்வான்.

அந்தச் செயலியில் யார் எப்போது திறந்தார்கள் என்று ஒரு பட்டியல் விழும். அவளுக்கு அது தெரியாது. முதல் நாள் முப்பத்தெட்டு தடவை திறந்திருந்தாள். சரி, புதுசு என்று விட்டேன். பத்தாவது நாள் அறுபத்தொன்று. அதே நாளில் நான் அவளை இரண்டு தடவை கூப்பிட்டேன். முதல் தடவை, "கஸ்டமர் இருக்காங்க, அப்புறம் பேசுறேன்" என்றாள். இரண்டாவது தடவை எடுக்கவில்லை. நான் கூப்பிட்ட அந்த நிமிடத்தில் அவள் மாமாவைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது பட்டியலில் இருந்தது. இதைக் கேட்டுச் சண்டை போட்டிருக்கலாம். எப்படித் தெரியும் என்று கேட்பாள். அதனால் கேட்கவில்லை. ஆனால் தினமும் எண்ணினேன். என் கையாலேயே ஏணி போட்டு, திருகாணி முடுக்கி, அவளை இன்னும் தூரமாகக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன் என்று புரிந்தது.

இரண்டாவது மாதம் வீட்டுக்குப் புது டிவி வந்தது. அதற்கு எண் கொடுக்கும்போது ரவுட்டர் கேமராவின் எண்ணையே தூக்கிக் கொடுத்துவிட்டது. ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு இருந்தால் தபால்காரர் என்ன செய்வார், அந்தக் கதைதான். மறுநாள் காலை பத்தரை மணிக்கு அவளிடமிருந்து போன். அவளாகக் கூப்பிட்டு எத்தனையோ வாரமாகியிருந்தது.

"என்னங்க, அப்பா தெரியல. இணைப்பு இல்லைன்னு வருது. சீக்கிரம் பாருங்க."

நான் அப்போது ஒரு பிஸ்கெட் கம்பெனிக் கூரையில் நின்றிருந்தேன். பயப்படாதே, போனை வைக்காமல் இரு என்றேன். என் வழியில் உள்ளே போய், எண்ணை மாற்றி, இரண்டு நிமிடத்தில் கொண்டுவந்துவிட்டேன். அந்த இரண்டு நிமிடமும் அவள் என் மூச்சைக் கேட்டபடி காத்துக்கொண்டிருந்தாள். படம் வந்ததும், "நீங்க இருக்கீங்கன்னுதான் எனக்குத் தைரியம்" என்றாள். சாயங்காலம் வந்தவள், மாமா அறைக்குப் போகும் முன் கூடத்தில் நின்று என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் நானே அறுத்தேன். கேமரா வெளியே போகாதபடி ரவுட்டரில் ஒரு தடை போட்டால் போதும், ஒரு விரல் அழுத்துகிற வேலை. அவள் கூப்பிட்டாள். நான் சரிசெய்தேன். நன்றி சொன்னாள். முதலில் வாரத்துக்கு ஒன்று, பிறகு இரண்டு. நேரமும் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. சீக்கிரம் சரிசெய்தால் நன்றியும் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. இன்டர்நெட் லைன்காரர்கள் மேல் பழியைப் போட்டேன். புதுக் கேமரா வாங்கலாமா என்று கேட்டாள். இதைவிட நல்லது சந்தையில் இல்லை என்றேன். அதுவும் உண்மைதான். மொத்தம் இருபத்தாறு தடவை அறுத்திருக்கிறேன். ரவுட்டரை எடுத்துக்கொண்டு போயிருக்கிறீர்கள், உங்கள் ஆளை எண்ணச் சொல்லுங்கள், சரியாக இருக்கும்.

அறுத்துவிட்டு நான் உள்ளே போய்ப் பார்ப்பேன். வெளியேதான் தடை, என் வழியில் போனால் எனக்குப் படம் தெரியும். அவள் பார்க்காதபோது மாமாவின் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க எனக்கு ஆசை. ஆனால் நான் திறந்ததும் விளக்கு நீலமாகிவிடும். மாமா மகள் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டு இடது கையைத் தூக்குவார். "கண்ணு, டீ குடிச்சியா? வெயிலா இருக்கா அங்க?" என்று பேச ஆரம்பிப்பார். ஒருதடவை வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில் தனக்கே டிக்கெட் கிழித்துக்கொண்ட கதையைச் சொன்னார். நான் ஒரு தூணின் நிழலில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டேன். நல்ல கதை. சிரித்தும் விட்டேன். பிறகுதான் அது எனக்குச் சொன்ன கதை இல்லை என்பது உறைத்தது. அன்று இன்னும் இருபது நிமிடம் கழித்துத்தான் இணைப்பைக் கொடுத்தேன்.

இங்கே ஒரு விஷயம், இதில் என் பங்கு இல்லை, பிறகு பதிவில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஒருநாள் சிவப்பு எரிந்துகொண்டிருந்தபோது தையல்காரம்மா சாப்பாடு கொடுக்க மேலே வந்திருந்தார். சிவப்பைப் பார்த்துவிட்டு, கேமராவின் ப்ளக்கை நன்றாக அழுத்திச் சொருகினார். அதே நேரம் நான் என் இடத்திலிருந்து தடையை எடுத்தேன். விளக்கு பச்சையானது. "ப்ளக்கு லூசா இருக்குங்க ஐயா" என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். மாமா அதை அப்படியே நம்பிவிட்டார். சுவரில் இடுப்பு உயரத்தில் இருந்த அந்த ப்ளக் கட்டிலிலிருந்து நாலு எட்டு தூரம். நாலு எட்டு என்பது எனக்கும் உங்களுக்கும்.

அந்த நாள் செவ்வாய்க்கிழமை. நான் ஒரு மருந்துக் குடோனில் பதினாறு கேமரா வேலையில் இருந்தேன். முதல் நாள் அவளுடைய பிறந்தநாள். நான் வாங்கிக் கொடுத்த புடவையைப் பிரித்துப் பார்த்து, "நல்லா இருக்கு" என்று மடித்து வைத்துவிட்டாள். மாமா இடது கையால் ஒரு துண்டுக் காகிதத்தில் கோணல்மாணலாக எழுதி, டிக்கெட் மாதிரி ஓரத்தைக் கிழித்து, 'இறங்கும் இடம்: அப்பா வீடு' என்று கொடுத்திருந்தார். அதை வைத்துக்கொண்டு அழுதாள். கைப்பேசி உறைக்குள் பத்திரப்படுத்தினாள். மறுநாள் மதியம் பன்னிரண்டு அடித்தவுடன் நான் அறுத்துவிட்டேன்.

வழக்கம்போல அவள் கூப்பிட்டாள். பார்க்கிறேன் என்றேன். ஏணியிலிருந்து இறங்கி, கை கழுவி, ஒரு அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்து கைப்பேசியைத் திறந்தேன். பத்து நிமிடம் ஆகியிருக்கும். படம் வந்தபோது மாமா தரையில் கிடந்தார்.

ப்ளக்குக்குப் பக்கத்தில் கிடந்தார். மகள் தன்னைப் பார்க்க முடியாமல் தவிப்பாள் என்று எழுந்து போயிருக்கிறார். போய்ச் சேர்ந்தும் இருக்கிறார், அது பெரிய விஷயம்தான். திரும்பும்போதோ குனியும்போதோ விழுந்து, அங்கே இருந்த நாற்காலியின் இரும்புக் காலில் தலை மோதியிருக்கிறது. காதுக்கு மேலே கொஞ்சம் ரத்தம். விசிலை வாயில் வைத்து ஒன்று ஊதினார். கோணல் வாயில் காற்றுப் பாதி ஓடிவிடும், சத்தம் மெல்லியதாக வந்தது. மறுபடி ஒன்று. கீழே தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது எனக்கே கேட்டது.

பிறகு அவர் நீல விளக்கைப் பார்த்தார்.

ஊதுவதை நிறுத்திவிட்டார். முகம் தெளிந்தது. இடது கையைத் தூக்கிக் காட்டினார், எனக்கு ஒன்றுமில்லை என்கிற மாதிரி.

அந்த நேரத்தில் நான் என்ன யோசித்தேன் என்று நீங்கள் மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். தெளிவாகவே யோசித்தேன். தடையை எடுத்தால் அடுத்த நொடி அவள் பார்ப்பாள். இணைப்பு இல்லாத நேரத்தில்தான் அப்பா விழுந்தார் என்பதும், எதற்காக எழுந்தார் என்பதும் தெரிந்துவிடும். தையல்காரம்மாவுக்குப் போன் போட்டால், கேமரா வேலை செய்யாதபோது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேள்வி வரும். அவர் எப்படியும் ஒரு மணிக்குச் சாப்பாட்டோடு மேலே வரத்தான் போகிறார். இன்னும் ஐம்பது நிமிடம். லேசான அடிதான் என்று வைத்துக்கொண்டேன். வைத்துக்கொண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும், நம்பினேன் என்று சொல்ல முடியாது. ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரையை அன்று காலை அவர் வாயில் போட்டவனே நான். தலையில் அடிபட்டால் உடனே கொண்டுவர வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து தலையாட்டியவனும் நான்.

நடுவில் அவள் இரண்டு தடவை கூப்பிட்டாள். லைன் பிரச்சினை, பேசிக்கொண்டிருக்கிறேன் என்றேன். "உங்களுக்குத்தான் எவ்வளவு தொந்தரவு" என்றாள்.

மாமா விளக்கைப் பார்த்தே பேசினார். குழறல் அதிகமாகியிருந்தது. ஆனால் ஒன்றரை வருடம் கேட்ட காதுக்குப் புரிந்தது.

"கண்ணு, பதறாத. மாப்பிள்ளைகிட்டச் சொல்லு. அவரு வந்து தூக்கிருவாரு."

கொஞ்ச நேரம் கழித்து விசிலைத் தேடி எடுத்து இரண்டு தடவை ஊதினார். ரைட். அதன் பிறகு பேசவில்லை. கண் திறந்துதான் இருந்தது, விளக்கின் மேலேயே இருந்தது. பன்னிரண்டு நாற்பதுக்குக் கை சரிந்தது. நான் மூடவில்லை. மூடினால் நீலம் போய்ச் சிவப்பு வந்துவிடும். மகள் போய்விட்டாள் என்று அந்த மனுஷர் நினைத்துவிடக் கூடாது என்று திறந்தே வைத்திருந்தேன். அதை ஒரு நல்ல காரியமாகத்தான் செய்தேன்.

ஒரு மணிக்குத் தையல்காரம்மா வந்தார். அதற்கு ஒரு நிமிடம் முன்னால் தடையை எடுத்தேன். ஆஸ்பத்திரியில், அரை மணி நேரம் முன்னால் வந்திருந்தால்கூடக் காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். கேமராவின் கார்டில் பதிவாகியிருந்த அந்த ஒரு மணி நேரத்தை அன்று சாயங்காலமே அழித்தேன். காரியமெல்லாம் முன்னின்று செய்தேன். அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வேலைக்குப் போகாமல் இருந்திருக்க வேண்டும், நான்தான் பாவி என்று சொல்லிச் சொல்லி அழுதாள். உன் மேல் தப்பில்லை என்று நான் தேற்றினேன். மூன்று வாரம் அவள் என் பக்கத்திலேயே இருந்தாள். நான் எழுந்தால் எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள். என் வாழ்க்கையில் நல்ல மூன்று வாரம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

நாலாவது வாரம் அவள் பழைய பதிவுகளைப் போட்டுப் பார்க்க ஆரம்பித்தாள். மாமா கையைத் தூக்குவது, மாமா சிரிப்பது, மாமா சில்லறை கேட்பது. வேலைக்குப் போகும் வழியில், சாப்பிடும்போது, என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே. உயிரோடு இருந்தபோதாவது என்னால் அறுக்க முடிந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மாமாவின் கட்டிலில் உட்கார்ந்து எதையோ போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் டீ கொண்டுபோனேன். நிமிர்ந்து பார்க்காமலேயே சொன்னாள். "கடைசி நேரத்துல என்னைத்தான் தேடியிருப்பாரு. வேற யாரு இருக்கா அவருக்கு."

வேற யாரு இருக்கா. ஒன்றரை வருடம் குளிப்பாட்டியவன் கையில் டீயோடு நிற்கிறேன். அதை என்னால் தாங்க முடியவில்லை. இது ஒன்றுதான் நான் யோசிக்காமல் செய்த காரியம்.

"என்னைத்தான் கேட்டாரு" என்றேன். "மாப்பிள்ளை வந்து தூக்கிருவாருன்னு சொன்னாரு."

அவள் கைப்பேசியை நிறுத்தினாள். "எப்பச் சொன்னாரு?" என்றாள்.

கத்தவில்லை. கண்ணாடி பொருத்தும்போது கேட்கிற அதே குரல்தான், எங்கே அழுந்துகிறது என்று கேட்கிற குரல். பொய் சொல்லியிருக்கலாம். அவள் கேட்டாள், நான் சொன்னேன். சிவப்பு எரிந்தபோது உங்களுக்கு எப்படித் தெரிந்தது? எத்தனை நேரம் பார்த்தீர்கள்? அதற்கு முன்னால் எத்தனை தடவை? நெட்வொர்க் எப்படி வேலை செய்கிறது, தடை எங்கே போடுவது, என் வழி எது, எல்லாம் பொறுமையாக விளக்கினேன். புரியாத இடத்தில் நிறுத்தி மறுபடி கேட்டாள். இரண்டு விசிலைச் சொன்னபோது மட்டும் கட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். நடுவில் கைப்பேசி அடித்தது, அவள் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. டீ ஆடை கட்டிப்போனது. சொல்லி முடிக்க ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆயிற்று. பிறகு எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, கீழே தையல்காரம்மா வீட்டுக்குப் போனாள். உங்களுக்குப் போன் அங்கிருந்துதான் வந்திருக்கும்.

கொன்றது நான்தான். விழுந்தார், தானாகப் போனார் என்றெல்லாம் எழுத வேண்டாம். ஐம்பது நிமிடம் பார்த்துக்கொண்டிருந்து கொன்றேன் என்றே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

வெளியே பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்ததை உள்ளே வரும்போது பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோபம் இருக்கத்தான் செய்யும், பெற்ற அப்பா அல்லவா. ஆனால் அந்த இரண்டு மணி நேரம் அவள் என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒன்பது வருடத்தில் என்னை அப்படிப் பார்த்ததில்லை, நான் பேசியதை அப்படிக் கேட்டதில்லை. கொஞ்ச நாள் போகட்டும், மனசு ஆறியதும் என்னைப் பார்க்க வருவாள். எங்களுக்கு நடுவில்தான் இப்போது யாரும் இல்லையே.